வாக்கிங் போனார்... சுட்டார்கள்! மறுபடியும் வாக்கிங் போனார்!

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தொப்பை என்று எந்தப் புகாரோடு போய் நின்றாலும் டாக்டர்கள் சொல்கிற ஒரே மருந்து, "தினமும் கொஞ்சம் நடங்க சார்!" நடந்தால் ஆயுசு கூடும் என்பது பொது விதி.

இந்த விதி ஒரே ஒரு மனிதரிடம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அவர் வாக்கிங் போனபோது இந்தியாவில் சுட்டார்கள். பிழைத்தார். ஐந்து வருஷம் கழித்து வேறொரு கண்டத்தில், வேறொரு ஊரில் வாக்கிங் போனார். அங்கேயும் வந்து சுட்டார்கள். அப்போதும் பிழைத்தார்!

பெயர், ஜூலியோ பிரான்சிஸ் ரிபேரோ. பஞ்சாப் பற்றி எரிந்துகொண்டிருந்த காலத்தில் அந்த மாநிலத்தின் டி.ஜி.பி.

கோட்டைக்குள் ஓட்டை

1986-ம் வருஷம் அக்டோபர் 3-ம் தேதி. ஜலந்தரில் பஞ்சாப் ஆயுதப் போலீஸின் தலைமையகம். நம்ம ஊர் ஆயுதப்படை மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பல மடங்கு பெரிதாக்குங்கள். சுற்றுச்சுவர், கேட், சென்ட்ரி, உள்ளே குடியிருப்புகள், திரும்பின பக்கமெல்லாம் காக்கி. அன்றைய பஞ்சாபில் ஒரு போலீஸ் அதிகாரி நிம்மதியாகக் கையை வீசி நடக்கக்கூடிய ஒரே இடம் உண்டென்றால் அது இதுதான் என்று யாரும் அடித்துச் சொல்லியிருப்பார்கள்.

அந்த வளாகத்துக்குள்தான் ரிபேரோ தன் மனைவி மெல்பாவுடன் நடந்துகொண்டிருந்தார். வந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் போலீஸ் யூனிஃபார்மில்! கும்பலாக நாலு பேர் லுங்கியோடு வந்திருந்தால் "யார்றா அது?" என்று அதட்டியிருப்பார்கள். காக்கியில் வருகிறவனைக் காக்கி எதற்குச் சந்தேகப்படப் போகிறது?

சுட்டார்கள். ரிபேரோவுக்குக் காயம். மனைவிக்கும் காயம். இரண்டு பேரும் உயிர் பிழைத்தார்கள். காவலுக்கு இருந்த ஒருவர் பிழைக்கவில்லை.

மறுநாள் பேப்பர்களில் கொட்டை எழுத்தில் வந்த சேதி, "டி.ஜி.பி. தப்பினார்" என்பதுதான். அது இயல்புதான். பெரிய மனிதர் தப்பினால் அது தலைப்பு. அவருக்கு முன்னால் நின்றவர் செத்தால் அது மூன்றாவது பாரா. இந்த மூன்றாவது பாராவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இறங்கி வந்த அதிகாரி

யார் இந்த ரிபேரோ? 1929-ல் பம்பாயில் பிறந்தவர். பூர்வீகம் கோவா. 1953-ல் ஐ.பி.எஸ். 1982-ல் பம்பாய் போலீஸ் கமிஷனர். நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள், அந்த ஆகஸ்டில் சொந்தப் போலீஸ்காரர்களே கொடி பிடித்துத் தெருவில் இறங்கிவிட்டார்கள்! ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று. திருடனைப் பிடிக்கிற கமிஷனர் உண்டு. போலீஸையே பிடிக்க வேண்டி வந்த கமிஷனர் இவர்.

அப்புறம் சி.ஆர்.பி.எஃப். தலைமை. 1985-ல் கலவரத்தில் தவித்த குஜராத்துக்கு டி.ஜி.பி. பிறகு டெல்லியில் உள்துறை அமைச்சகத்தில் ஸ்பெஷல் செக்ரட்டரி. ஏ.சி. அறை, ஃபைல், டீ, பிஸ்கெட். ரிடையர்மென்ட் நெருங்குகிற வயதில் வேறென்ன வேண்டும்?

1986 மார்ச்சில் பஞ்சாபுக்குப் போகச் சொன்னார்கள். டெல்லியில் இருந்த பதவியைவிட அது கீழ்ப்படி. நம் ஆபீஸ்களில் சீனியாரிட்டி லிஸ்ட்டில் ஒரு இடம் தள்ளிப் போட்டாலே கோர்ட் படி ஏறுகிறவர்கள் நாம். இந்த ஆசாமி ஒரு படி இறங்கி, அதுவும் எந்நேரமும் உயிர் போகக்கூடிய ஊருக்குப் பெட்டியைக் கட்டினார்.

அப்போது பஞ்சாபின் முதல்வர் யார் தெரியுமா? சுர்ஜித் சிங் பர்னாலா. ஆமாம், பிற்பாடு இரண்டு தடவை நம்ம கிண்டி ராஜ்பவனில் கவர்னராகக் குடியிருந்தாரே, அதே பர்னாலாதான்! 1991-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைக்க ரிப்போர்ட் கொடுக்க மாட்டேன் என்று மறுத்தவர். அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1986 ஏப்ரல் கடைசியில் பொற்கோயிலுக்குள் காலிஸ்தான் பிரகடனம் செய்தபோது, மறுநாளே உள்ளே போலீஸை அனுப்பியதும் அவர் அரசுதான். அந்த முடிவு அவருடைய கட்சியையே இரண்டாகப் பிளந்தது. பஞ்சாபில் அன்று எந்த நாற்காலியும் பஞ்சு மெத்தை கிடையாது, எல்லாமே முள்தான்.

அந்த ஐம்பத்தைந்து நாள்

1986-ன் அந்த இரண்டு மாதங்களைத் தேதி போட்டு அடுக்கினால் முதுகுத்தண்டு சில்லிடும்.

ஆகஸ்ட் 10. புனே. ரிடையர்டான ராணுவத் தளபதி அருண் வைத்யா தன் மாருதி காரைத் தானே ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். அந்த இடத்திலேயே முடிந்தது. 1984-ல் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தபோது தளபதியாக இருந்தவர் அவர் என்பதுதான் காரணம்.

அக்டோபர் 2. டெல்லி ராஜ்காட். காந்தி ஜெயந்தி! அகிம்சை மகான் சமாதிக்கு அஞ்சலி செலுத்த வந்த பிரதமர் ராஜீவ் காந்தியை நோக்கி, செடி கொடிகளுக்குள் பதுங்கியிருந்த ஒரு வாலிபன் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டான். ராஜீவ் தப்பினார்.

அடுத்த நாள், அக்டோபர் 3. ஜலந்தர். ரிபேரோ.

ஒரு மாஜி தளபதி, ஒரு பிரதமர், ஒரு போலீஸ் தலைவர். ஐம்பத்தைந்து நாளில் மூன்று பேர் மேல் குறி. முதல் குறி தப்பவில்லை. அடுத்த இரண்டும் தப்பின. ஜாதகம் பார்க்கிறவர்கள் இதற்கு ஏதாவது கிரகத்தைச் சொல்வார்கள். போலீஸ்காரர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்: "சார், நாங்க தினமும் ஜெயிக்கணும். அவனுக்கு ஒரு நாள் ஜெயிச்சாப் போதும்."

காக்கிக்குள் யாரு?

இந்த யூனிஃபார்ம் சமாசாரத்தில் கொஞ்சம் நிற்போம்.

1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் நிஜமான காவலர்கள். பிரதமர் வீட்டுக் காவலுக்கு என்றே நியமிக்கப்பட்டவர்கள். நிஜ யூனிஃபார்ம். 1986-ல் ரிபேரோவைச் சுட்டவர்கள் போட்டு வந்தது வேஷம். 1995 ஆகஸ்ட் 31 அன்று சண்டிகர் தலைமைச் செயலகத்தில் முதல்வர் பியாந்த் சிங்கைக் கொன்ற மனித வெடிகுண்டு திலாவர் சிங், பஞ்சாப் போலீஸையே சேர்ந்தவன்.

வேஷமும் நிஜமும் ஒரே கலர், ஒரே பொத்தான், ஒரே பெல்ட். வித்தியாசம் உள்ளே இருக்கிற மனசில்தான். அதைச் சோதிக்க இன்னும் மெட்டல் டிடெக்டர் வரவில்லை.

சந்தேகம் என்கிற வியாதி உண்டாக்குகிற சேதம் தோட்டாவைவிடப் பெரிது. ஒரே பாரக்ஸில் படுத்துத் தூங்குகிறவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டால், அந்தப் படை சுடாமலேயே தோற்றுப்போகும். பஞ்சாப் போலீஸில் பெரும்பாலோர் சீக்கியர்கள். தீவிரவாதிகளிடம் உயிரைக் கொடுத்த போலீஸ்காரர்களிலும் பெரும்பாலோர் சீக்கியர்கள். 1983 ஏப்ரலில் டி.ஐ.ஜி. அத்வால் பொற்கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டுப் பிரசாதத்தோடு படியில் இறங்கியபோது சுட்டுக் கொன்றார்களே, அவரும் பக்தியுள்ள சீக்கியர்தான். 'சீக்கியரா, சந்தேகப்படு' என்று ஒரு டி.ஜி.பி. நினைத்திருந்தால் மாநிலம் அன்றைக்கே கைவிட்டுப் போயிருக்கும். தன்னைச் சுட்ட பிறகும் அந்தத் தப்பைச் செய்யாமல், அதே போலீஸை வைத்துக்கொண்டே அங்கே வேலை பார்த்தார் ரிபேரோ.

குண்டுக்குக் குண்டு

ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது வேறொன்று. 'புல்லட் ஃபார் புல்லட்'! குண்டுக்குக் குண்டு.

கேட்க ஜோராக இருக்கிறது இல்லையா? நம்ம சினிமாவில் இன்ஸ்பெக்டர் ஹீரோ இடைவேளைக்கு முன்னால் இப்படி ஒன்று சொன்னால் விசில் காதைப் பிளக்கும். இந்தச் சொல் தன்னுடையது இல்லை, தன் தலையில் கட்டப்பட்டது என்று ரிபேரோ பிற்காலத்தில் பல தடவை சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? கடைசியில் 1998-ல் அவர் சுயசரிதை வெளிவந்தபோது, அட்டையில் இருந்த தலைப்பே அதுதான்! விரட்டிப் பார்த்துப் போகாத விருந்தாளிக்கு ஓர் இலையைப் போட்டுவிடுகிற மாதிரி.

1987-ல் பத்ம பூஷண் கொடுத்தார்கள். 1988-ல் கே.பி.எஸ். கில் டி.ஜி.பி. ஆனார். ரிபேரோ கவர்னருக்கு ஆலோசகர். அப்புறம் 1989-ல், கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, ருமேனியாவுக்கு இந்தியத் தூதராக அனுப்பினார்கள்.

ஆகஸ்ட் இருபது

ருமேனியா! லண்டன், டொரன்டோ மாதிரி பஞ்சாபிகள் நிறைந்த ஊர் இல்லை புகாரெஸ்ட். தலைப்பாகை வைத்த ஒருவர் தெருமுனையில் நின்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். ஒரு மனிதர் ஒளிந்து வாழ இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும்.

1991 ஆகஸ்ட் 20. ரிபேரோவுக்கு அப்போது வயசு 62. வழக்கம்போல் வாக்கிங். துப்பாக்கிக்காரர்கள் அங்கேயும் காத்திருந்தார்கள்! இந்தத் தடவை பலமான காயம். கூட இருந்த ருமேனியப் பாதுகாவலர்கள் சளைக்கவில்லை. திருப்பிச் சுட்டதில் வந்தவர்களில் ஒருவன் செத்தான். சிலர் பிடிபட்டார்கள். ரிபேரோ ஆஸ்பத்திரிக்குப் போய், மறுபடியும் பிழைத்தார்.

இந்த ஆகஸ்ட் 20 என்கிற தேதிக்கு ஒரு விசித்திரமான ராசி. அது ராஜீவ் காந்தியின் பிறந்தநாள். பஞ்சாபில் அமைதி வேண்டி ராஜீவோடு ஒப்பந்தம் போட்ட சந்த் லோங்கோவாலை 1985-ல் சுட்டுக் கொன்றது, கையெழுத்திட்ட ஒரே மாதத்தில், அதே ஆகஸ்ட் 20-ல்! 1991-ல் அதே நாளில்தான் பெங்களூருக்குப் பக்கத்தில் கோணனகுண்டே வீட்டுக்குள் கமாண்டோக்கள் நுழைந்தபோது, ராஜீவ் கொலையில் தேடப்பட்ட சிவராசனும் கூட இருந்தவர்களும் பிணமாகக் கிடந்தார்கள். அதே நாளில் மாஸ்கோவில் கோர்பசேவை வீட்டுக்காவலில் வைத்துவிட்டு டாங்கிகள் தெருவில் நின்றன.

அந்த வாரத் தமிழ்ப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். ஒற்றைக்கண் சிவராசன், சுபா, சயனைடு. மிச்சம் இடம் இருந்தால் கோர்பசேவ். புகாரெஸ்டில் நம் தூதர் சுடப்பட்டார் என்பதற்கு எத்தனை பேர் வீட்டில் அன்றைக்கு உச்சுக்கொட்டியிருப்பார்கள்?

கதை அத்தோடு முடியவும் இல்லை. பிடிபட்டவர்கள் ருமேனியா கையில் இருந்தார்கள் அல்லவா? அக்டோபர் 9-ம் தேதி டெல்லியில் ருமேனியத் தூதரக அதிகாரி லிவியு ராடுவைக் கடத்திவிட்டார்கள்! பஞ்சாப் எந்தத் திசையில் இருக்கிறது, சண்டை எதற்கு என்று எதுவும் சம்பந்தமில்லாத ஐரோப்பிய மனிதர். ஒன்றரை மாதத்துக்கு மேல் அடைத்து வைத்திருந்து, நவம்பர் கடைசியில் உயிரோடு விட்டார்கள். ஜலந்தரில் யாரோ வைத்த கடனுக்கு, புகாரெஸ்ட்காரர் டெல்லியில் வட்டி கட்டினார்.

விறகுக் கணக்கு

கடன், வட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பி.காம். படித்தவன். முதல் வருஷம் முதல் பாடமே, 'ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு'. இந்தப் பக்கம் ஒன்று எழுதினால் அந்தப் பக்கம் ஒன்று. கடைசியில் கூட்டினால் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும்.

'குண்டுக்குக் குண்டு' என்பதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றுகிறது. அவன் ஒன்று, நாம் ஒன்று. கணக்கு நேர். ஆனால் பஞ்சாபின் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் எந்தப் பக்கமும் டாலி ஆகவில்லை. அந்தப் பதினைந்து வருஷத்தில் செத்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். அதில் போலீஸும் பாதுகாப்புப் படையினரும் மட்டுமே 1,700-க்கும் அதிகம். அத்தனை பேரும் யாரோ ஒரு வீட்டின் சம்பாத்தியம். ஜலந்தரில் செத்த அந்தக் காவலர் மாதிரி, நாம் பெயர்கூடத் தெரிந்துகொள்ளாத மூன்றாவது பாராக்காரர்கள்.

அந்தப் பேரேட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை எழுதாமல் விட்டால் நேர்மை இல்லை.

ஜஸ்வந்த் சிங் கால்ரா என்று ஒருவர். அமிர்தசரஸில் கூட்டுறவு வங்கி அதிகாரி. காணாமல் போனவர்களைத் தேடிக்கொண்டு போனவர், நேரே முனிசிபல் சுடுகாட்டுக்குப் போனார். அங்கே என்ன இருக்கும்? ரெஜிஸ்டர் இருக்கும். போலீஸ் கொண்டுவந்து 'அனாதைப் பிணம்' என்று எரித்த உடல்களுக்குத் தேதிவாரியாகப் பதிவு இருக்கும். ஒவ்வொரு பிணத்துக்கும் இத்தனை விறகு என்று கணக்கு இருக்கும். கொன்றவர்கள் ஒருவேளை எழுதி வைக்காமல் விடலாம். விறகு வாங்கின கிளார்க் எழுதாமல் விட முடியுமா? ஆடிட் வருமே!

அந்த விறகுக் கணக்கிலிருந்துதான் உண்மை வெளியே வந்தது. பிறகு சி.பி.ஐ. விசாரித்ததில் அமிர்தசரஸ் மாவட்டத்தின் மூன்று சுடுகாடுகளில் மட்டும் இப்படி எரிக்கப்பட்டவை 2,097 உடல்கள். 1984 முதல் 1994 வரையிலான கணக்கு. அதில் எவன் தீவிரவாதி, எவன் கல்லூரிப் பையன், எவன் சாட்சி சொல்லப் போனவன் என்று சாம்பலைப் பார்த்துச் சொல்ல முடியாது. கால்ராவை 1995 செப்டம்பர் 6-ம் தேதி அவர் வீட்டு வாசலிலிருந்தே கடத்திக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. கடத்திக் கொன்றதற்காகத் தண்டனை பெற்றவர்கள், போலீஸ்காரர்கள்.

டி.ஜி.பி.யைச் சுட வந்தவன் போலீஸ் வேஷத்தில் வந்தான். கால்ராவைத் தூக்கப் போனவர்கள் நிஜப் போலீஸ். மாட்டிக்கொண்ட சாதாரணப் பஞ்சாபி எந்தக் காக்கியை நம்புவான், சொல்லுங்கள்!

எப்படி முடிந்தது?

சரி, பஞ்சாப் கடைசியில் எப்படி அடங்கியது? குண்டு ஜெயித்ததா?

நிறையப் பேர் 'ஆமாம்' என்பார்கள். இரண்டு முறை சுடப்பட்ட ரிபேரோ வேறு பதில் சொல்கிறார். கிராமத்து ஜாட் சீக்கிய விவசாயிகள் எப்போது தீவிரவாதிகளுக்கு எதிராகத் திரும்பினார்களோ, அப்போதுதான் அது முடிந்தது என்பது அவர் திரும்பத் திரும்ப எழுதியும் பேசியும் வந்த கருத்து. ஆரம்பத்தில் 'நம்ம பசங்க' என்று சோறு போட்டு, வைக்கோல்போரில் ஒளிய இடம் கொடுத்தவர்கள்தான். அந்தப் பசங்களே பணம் பறிக்கவும், வீட்டுப் பெண்கள் மேல் கை வைக்கவும் ஆரம்பித்தபோது, அதே விவசாயி போலீஸுக்குத் தகவல் சொன்னார். தகவல் இல்லாத போலீஸிடம் எத்தனை துப்பாக்கி இருந்து என்ன பிரயோஜனம்? எதை நோக்கிச் சுடுவது?

ஜனங்கள் தகவல் சொல்ல வேண்டும் என்றால் ஜனங்கள் போலீஸை நம்ப வேண்டும். விறகுக் கணக்கில் போலீஸ் கடன் வாங்கியது அந்த நம்பிக்கையைத்தான். அது எப்படிப்பட்ட கடன் என்பதற்கு, காணாமல் போன பிள்ளையின் போட்டோவை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு அலைந்த தாய்மார்கள்தான் சாட்சி.

இதைப் புரிந்துகொண்டவர்தான் ரிபேரோ என்பதற்கு அவர் அடுத்துச் செய்த காரியமே அத்தாட்சி. 1993-ல் ருமேனியாவிலிருந்து ஊர் திரும்பினார். உடம்பில் இரண்டு தாக்குதலின் வடு. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, வாசலில் நாலு துப்பாக்கிக்காரரை நிறுத்தியிருப்பார்கள். பம்பாயோ அப்போதுதான் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரத்தில் வெந்து கிடந்தது. இவர் என்ன செய்தார்? 'மொஹல்லா கமிட்டி' என்கிற இயக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

மொஹல்லா என்றால் பேட்டை. ஒவ்வொரு பேட்டையிலும் இந்து, முஸ்லிம், லோக்கல் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைப்பது. குழாயில் தண்ணி வரலை, பண்டிகை ஊர்வலம் எந்த வழியாகப் போகணும், எவன் வதந்தி கிளப்புகிறான் என்று பேசுவது. அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது, சைரன் கிடையாது. சினிமா எடுத்தால் முதல் ஷோவிலேயே ஈ ஓட்டும். 'குண்டுக்குக் குண்டு' என்று நாடே பட்டம் கட்டிய மனிதர், தன் கடைசிக் கால வேலையாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும், போலீஸ் யாருக்கும் அடியாள் ஆகக் கூடாது, சட்டத்துக்கு மட்டும்தான் கட்டுப்பட வேண்டும் என்று பத்திரிகைகளில் சலிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டு முறை சாவை முகத்துக்கு நேரே பார்த்தவருக்குப் பழிவாங்கும் உரிமை உண்டு என்று நாம் நினைக்கலாம். அவரே அந்த உரிமையைக் கேட்கவில்லை என்னும்போது, டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு "இவனுங்களை எல்லாம் நிக்க வெச்சுச் சுடணும் சார்!" என்று தீர்ப்புச் சொல்கிற நமக்கு அது எங்கிருந்து வந்தது?

அடுத்த தடவை 'என்கவுன்ட்டர்' என்று தலைப்பைப் பார்த்ததும் கை தட்டத் தோன்றினால், தட்டுவதற்கு முன்னால் அந்தச் செய்தியின் மூன்றாவது பாராவையும் படித்துவிடுங்கள். செத்தவர் பெயரும், எந்த ஊர், என்ன வயசு என்பதும் அங்கேதான் இருக்கும்.